தனியாகத் தொழில் செய்கிறவர்களுக்கு வரியும் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தன் பெயரிலேயே வேலை எடுத்துச் செய்கிறவர்களுக்கான பக்கம் இது: மென்பொருள் எழுதுகிறவர், பில்டிங் பிளான் போடும் பொறியாளர், மொழிபெயர்ப்பாளர், டியூஷன் ஆசிரியர், படத்தொகுப்பாளர். தொகைகளும் விகிதங்களும் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம் 2025 வருகிறது. பிரிவு எண்கள் அதில் மாறிவிடும். ஆடிட்டர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லோர் வாயிலும் இருப்பது பழைய எண்கள் என்பதால் இங்கேயும் அவையே.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வருமான வரி உங்கள் லாபத்தைப் பார்க்கும். ஜிஎஸ்டி உங்கள் மொத்த வரவைப் பார்க்கும். கீழே உள்ள கேள்விகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால் வந்தவை.

தொழில் தொடங்க எங்கே பதிவு செய்ய வேண்டும்?

எங்கேயும் வேண்டாம். உங்கள் பான் எண்ணே தொழிலின் பான் எண். ஒருவர் தன் பெயரில் செய்யும் தொழிலுக்கு, அதாவது தனிஉரிமைத் தொழிலுக்கு, கம்பெனி மாதிரி தனிப் பதிவு கிடையாது. அதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடன். வழக்கு என்று வந்தால் வீடும் சேமிப்பும் கணக்கில் வரும்.

சிக்கல் வங்கியில்தான் வரும். தொழில் பெயரில் நடப்புக் கணக்கு கேட்டால், அந்தப் பெயரில் தொழில் நடப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு ஆவணங்கள் கேட்பார்கள். உத்யம் (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) சான்றிதழ், ஜிஎஸ்டி சான்றிதழ், தொழில்வரி ரசீது, தொழில் வருமானம் காட்டிய வருமான வரி ரிட்டர்ன் இவற்றில் ஏதாவது இரண்டு இருந்தால் வேலை முடியும். உங்கள் சொந்தப் பெயரிலேயே பில் போடுவதாக இருந்தால், தொழிலுக்கென்று இன்னொரு சேமிப்புக் கணக்கைத் தனியாக வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்கள் பலர். குடும்பச் செலவும் தொழில் வரவும் ஒரே கணக்கில் ஓடக்கூடாது. ஆறு மாதம் கழித்து எந்தப் பணம் எதற்கு வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

எல்லோரும் 44ஏடிஏ என்கிறார்களே, அது என்ன?

வருமான வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு. சட்டம் பட்டியலிட்ட சில தொழில்களுக்கு மட்டும், செலவுக் கணக்கு காட்டாமல், மொத்த வரவில் பாதியை லாபம் என்று ஒப்புக்கொண்டு அதற்கு மட்டும் வரி கட்டும் ஏற்பாடு. மொத்த வரவு ஆண்டுக்கு 50 லட்சம் வரை இருக்கலாம். ரொக்கமாக வந்தது மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. கணக்குப் புத்தகம் எழுதும் கட்டாயமும் தணிக்கையும் இல்லை. ஐடிஆர்-4 என்ற ரிட்டர்ன் படிவம் போதும்.

50 சதவீதம் என்பது குறைந்தபட்சம். உண்மையில் 80 சதவீதம் மிஞ்சுகிறது என்றால் சட்டத்தின் வாசகம் கூடுதல் தொகையைக் காட்டவும் இடம் வைத்திருக்கிறது. 20 லட்சம் வரவில் 10 லட்சத்தை லாபமாகக் காட்டிவிட்டு, அதே ஆண்டில் 16 லட்சத்துக்கு வைப்புநிதி போட்டால் கேள்வி வரும். பதில் தயாராக இருக்க வேண்டும்.

இந்தப் பாதிக்குள் எல்லாச் செலவும் அடக்கம். மடிக்கணினியின் தேய்மானம், இணையக் கட்டணம், உதவியாளர் சம்பளம் என்று மேற்கொண்டு எதையும் கழிக்க முடியாது.

என் தொழில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா?

சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம், தகவல் தொழில்நுட்பம், கம்பெனி செயலர், அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி, திரைப்படக் கலைஞர். இவ்வளவுதான். திரைப்படக் கலைஞர் என்பதில் நடிகர் மட்டுமல்ல, ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், பாடகர், பாடலாசிரியர், வசனகர்த்தா, நடன இயக்குநர், உடை வடிவமைப்பாளர் எல்லோரும் வருவார்கள்.

மொழிபெயர்ப்பாளரும் டியூஷன் ஆசிரியரும் யூடியூபரும் இதில் இல்லை. இவர்களில் பலர் வியாபாரத்துக்கான 44ஏடி பிரிவில் 6 சதவீதமோ 8 சதவீதமோ லாபம் காட்டித் தாக்கல் செய்கிறார்கள். எங்கள் கருத்தில் அது ஆபத்தான சிக்கனம். வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவருக்கு 100 ரூபாயில் 94 ரூபாய் செலவு என்று எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். தவிர 44ஏடி வியாபாரத்துக்கானது. அறிவுத் திறனால் செய்யும் தொழில் அதில் அடங்குமா என்பதே வாதத்துக்குரியது. உண்மையான வரவு செலவை எழுதி ஐடிஆர்-3 தாக்கல் செய்வது நிம்மதி. கடை, சமையல், தையல் போன்ற தொழில்களுக்கு 44ஏடி சரியான இடம். அதில் வேறொரு பூட்டும் உண்டு: ஒருமுறை 44ஏடி எடுத்து, ஐந்து ஆண்டுக்குள் அதைவிடக் குறைந்த லாபம் காட்டி வெளியேறினால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது. 44ஏடிஏ-வில் அந்தப் பூட்டு இல்லை.

எவ்வளவு வரி வரும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன்பின் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம். 24 லட்சத்துக்கு மேல் 30. வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை என்றால் 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யம்.

44ஏடிஏ-வில் மொத்த வரவு 24 லட்சம் என்றால் லாபம் 12 லட்சம், வரி இல்லை. மொத்த வரவு 30 லட்சம் என்றால் லாபம் 15 லட்சம்: 20,000 + 40,000 + 45,000 ஆக 1,05,000, 4 சதவீத செஸ் சேர்த்து 1,09,200 ரூபாய்.

12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினால் முழு வரியும் விழுமா என்று பயப்பட வேண்டாம். லாபம் 12,20,000 என்றால் கணக்குப்படி வரி 63,000. ஆனால் தாண்டிய தொகையான 20,000-க்கு மேல் வாங்க மாட்டார்கள். செஸ்ஸோடு 20,800.

மூன்று இடத்தில் கணக்கு தவறுகிறது. வங்கி வட்டியைச் சேர்க்க மறப்பது. சம்பளக்காரர்களுக்கான 75,000 ரூபாய் நிலைக் கழிவைத் தானும் எடுத்துக்கொள்வது. தொழில் வருமானத்துக்கு அது இல்லை. பங்கு விற்ற லாபத்துக்கும் தள்ளுபடி கிடைக்கும் என்று நினைப்பது. தனி விகிதத்தில் வரி விழும் அந்த லாபத்துக்குப் புதிய முறையில் 87ஏ உதவாது.

பாதிக்கு மேல் எனக்கு உண்மையிலேயே செலவாகிறது. என்ன செய்வது?

50 சதவீதத்துக்குக் கீழே லாபம் காட்டலாம். அப்போது கணக்குப் புத்தகம் எழுத வேண்டும். மொத்த வருமானம் வரியில்லா வரம்பைத் தாண்டினால் ஆடிட்டரின் தணிக்கையும் வேண்டும். தணிக்கைக் கட்டணத்தையும் அதனால் மிச்சமாகும் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை ஏற்க மாட்டார்கள்.

பழைய முறையா, புதிய முறையா?

சும்மா இருந்தால் புதிய முறை. பழையது (சேமிப்பு, காப்பீடு போன்ற கழிவுகள் உள்ள முறை) வேண்டுமானால், ரிட்டர்னுக்கான கெடு நாளுக்குள் 10-ஐஈஏ படிவம் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளக்காரர் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவருக்கு அந்த வசதி இல்லை. பழையதுக்குப் போய்விட்டுப் புதியதுக்கு ஒரே ஒருமுறைதான் திரும்பலாம், அதன்பின் தொழில் வருமானம் இருக்கும் வரை அங்கேயேதான்.

வாடிக்கையாளர் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருகிறார். அதோடு என் வரி முடிந்ததா?

இல்லை. டிடிஎஸ் என்கிற அந்தப் பிடித்தம் உங்கள் வரிக் கணக்கில் வரவு வைக்கும் முன்பணம். ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் கூடவோ குறையவோ தெரியும். தொழில்முறைக் கட்டணத்துக்கு 194ஜே பிரிவில் 10 சதவீதம், தொழில்நுட்பச் சேவைக்கு 2. ஒரே வாடிக்கையாளர் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இந்தப் பிடித்தம். ஒப்பந்த வேலை என்று 194சி-யில் பிடித்தால் தனிநபருக்கு 1 சதவீதம்.

பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் அதன் மேல் டிடிஎஸ் இல்லை. கட்டணம் 1,00,000, ஜிஎஸ்டி 18,000 என்றால் 10,000 மட்டும் பிடித்து 1,08,000 தர வேண்டும். 1,18,000-க்கு 11,800 பிடித்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

பிடித்த பணம், வருமான வரித் தளத்தில் உள்ள உங்கள் 26ஏஎஸ் என்ற வரி வரவு அறிக்கையில் தெரிகிறதா என்பதுதான் முக்கியம். தெரியாவிட்டால் பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருப்பார்கள், அல்லது பிடித்ததைக் கட்டியிருக்க மாட்டார்கள். ஜனவரி-மார்ச் காலாண்டுக்கு அவர்கள் டிடிஎஸ் அறிக்கை தர மே 31 வரை நேரம் இருப்பதால், ஜூன் நடுவில் பார்ப்பதே பயன். ஏப்ரலிலேயே ரிட்டர்ன் போட்டுவிட்டு, பிறகு திருத்த ரிட்டர்ன் போடுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

மார்ச்சில் பில், ஏப்ரலில் பணம் என்றால் டிடிஎஸ் ஒரு ஆண்டிலும் வருமானம் இன்னொரு ஆண்டிலும் விழும். அந்த டிடிஎஸ்ஸை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் கட்டம் ரிட்டர்னிலேயே இருக்கிறது. வருமானத்தைக் காட்டாமல் டிடிஎஸ்ஸை மட்டும் எடுத்தால் நோட்டீஸ் நிச்சயம்.

முன்வரி கட்ட வேண்டுமா?

முன்வரி என்பது நிதியாண்டு முடியும் முன்பே கட்டும் வருமான வரி. டிடிஎஸ் போக மிச்ச வரி 10,000 ரூபாயை எட்டினால் கட்ட வேண்டும். 44ஏடி, 44ஏடிஏ எடுப்பவர்களுக்கு மார்ச் 15-க்குள் ஒரே தவணை. மற்றவர்களுக்கு ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவறினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. செலான் போடும்போது மதிப்பீட்டு ஆண்டைத் தப்பாகத் தேர்ந்தெடுப்பது சகஜமான தவறு: 2025-26-இல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27.

ஜிஎஸ்டிக்கு 20 லட்சம் என்கிறார்கள். என் லாபம் 12 லட்சம்தானே?

லாபத்தைப் பார்க்க மாட்டார்கள். சேவை தருகிறவருக்கு ஒரு நிதியாண்டில் மொத்த விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு 40 லட்சம். உங்கள் பான் எண்ணில் இந்தியா முழுவதும் வந்ததைக் கூட்ட வேண்டும்: வெளிநாட்டு வரவும், வரிவிலக்குள்ள வரவும் சேரும். வீட்டுக்கு விட்ட வாடகை வரிவிலக்கு பெற்றதுதான், ஆனாலும் 20 லட்சத்தில் அதுவும் எண்ணப்படும். சம்பளம் சேராது.

44ஏடிஏ-வில் 24 லட்சம் காட்டி வரியே இல்லை என்று மகிழ்கிறவர் ஜிஎஸ்டிக்குள் விழுந்துவிட்டார். இரு துறைகளும் ஒரே பான் எண்ணில் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஐடிஆர்-4-இல் நீங்களே எழுதிய தொகைதான் ஜிஎஸ்டி நோட்டீஸில் திரும்பி வரும்.

பெங்களூரு வாடிக்கையாளருக்கு வேலை செய்தால் 20 லட்சத்துக்குக் கீழேயும் பதிய வேண்டுமா?

சேவைக்கு வேண்டாம். வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்றால்தான் அந்தக் கட்டாயம், அதிலும் சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. இந்தப் பொருள்-சேவை வித்தியாசம் தெரியாமல் அனாவசியமாகப் பதிந்துவிட்டு, மாதாமாதம் ரிட்டர்ன் போட்டுத் திண்டாடுகிறவர்கள் நிறைய. வாடிக்கையாளர் நிறுவனம் ஜிஎஸ்டி எண் கேட்டால், வரம்புக்குள் இருப்பதால் பதியவில்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

20 லட்சத்தைத் தாண்டிவிட்டேன். முதல் ரூபாயிலிருந்து வரியா?

இல்லை. தாண்டிய நாள் முதல் செய்த வேலைக்குத்தான். அந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பித்தால் பதிவு தாண்டிய நாளிலிருந்தே செல்லும். தாமதித்தால் இடைப்பட்ட வேலைக்கும் வரி உண்டு. ஆனால் உள்ளீட்டு வரவு (தொழிலுக்கு வாங்கியதில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) கிடைக்காது, வாடிக்கையாளரிடம் பின்தேதியில் கேட்கவும் முடியாது. 5 லட்சம் வேலைக்கு 18 சதவீதம் என்றால் 90,000 உங்கள் சட்டைப்பையிலிருந்து போகும். அதன் மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் அபராதமும். 17 லட்சத்தைத் தொட்டதுமே விண்ணப்பத்துக்கான காகிதங்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

வாடகை வீட்டு முகவரியில் ஜிஎஸ்டி கிடைக்குமா?

கிடைக்கும். வாடகை ஒப்பந்தம், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், அவர் பெயரில் உள்ள மின்கட்டண ரசீது அல்லது சொத்துவரி ரசீது, உங்கள் பான், ஆதார், புகைப்படம். அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: ஒப்பந்தத்தில் ஒரு கதவு எண், மின் ரசீதில் பழைய கதவு எண். சம்மதக் கடிதத்தில் இரண்டு எண்ணையும் எழுதி, இரண்டும் ஒரே இடம் என்று உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பில்லில் என்னென்ன இருக்க வேண்டும்?

பதிவு செய்யாதவர் என்றால் பெயர், முகவரி, பான், பில் எண், தேதி, வேலையின் விவரம், தொகை. ஜிஎஸ்டி என்ற வரியே இருக்கக்கூடாது. பதிவில்லாமல் வரி வசூலிப்பது குற்றம்.

பதிவு செய்தவர் இவற்றோடு இரு தரப்பு ஜிஎஸ்டி எண், நான்கு இலக்கச் சேவைக் குறியீடு (மென்பொருள், வடிவமைப்பு வேலைகள் பெரும்பாலும் 9983), வரி விகிதம், கையெழுத்து சேர்க்க வேண்டும். பில் எண் அந்த ஆண்டுக்குள் வரிசையாக, 16 எழுத்துக்குள். வாடிக்கையாளர் தமிழ்நாட்டுக்காரர் என்றால் மத்திய வரி 9, மாநில வரி 9. அவருடைய எண் 33 தவிர வேறு எண்ணில் தொடங்கினால் ஒருங்கிணைந்த வரி 18. இதை மாற்றிக் கட்டிவிட்டால் சரியான தலைப்பில் மறுபடி கட்டி, தப்பாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டிவரும்.

இந்த மாதம் வேலையே இல்லை. ரிட்டர்ன் போட வேண்டுமா?

போட வேண்டும். பூஜ்ய ரிட்டர்னுக்கும் தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய், மற்றதுக்கு 50. காலாண்டுத் திட்டம் எடுத்தால் காலாண்டு முடிந்து அடுத்து வரும் மாதம் 13-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, தமிழ்நாட்டில் 22-க்குள் வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கான வரியை அந்தந்த மாதத்துக்கு அடுத்த மாதம் 25-க்குள் கட்டிவிட வேண்டும். தொழிலை விட்டுவிட்டால் பதிவை ரத்து செய்யுங்கள். அதோடு முடியாது, மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்னும் உண்டு.

வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் டாலரில் வாங்குகிறேன். வரி உண்டா?

வருமான வரி உண்டு. பணம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், இந்தியாவில் வசிப்பவரின் வருமானம் அது. வரவைப் பாதியாக்கும் 44ஏடிஏ இதற்கும் பொருந்தும்.

ஜிஎஸ்டியில் இது ஏற்றுமதி, விகிதம் பூஜ்யம். ஆனால் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு மட்டும் கட்டாயம். பதிந்தபின் ஒவ்வொரு நிதியாண்டும் ஆர்எஃப்டி-11 படிவத்தில் உறுதிமொழிக் கடிதம் தர வேண்டும். கடந்த ஆண்டுக் கடிதம் இந்த ஆண்டு செல்லாது. ஏப்ரலில் முதல் பில் போடும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். வரி செலுத்தாமல் உறுதிமொழியின் பேரில் ஏற்றுமதி என்ற வாசகம் பில்லில் இருக்க வேண்டும்.

ஏற்றுமதி என்று நிரூபிப்பது அந்நியச் செலாவணி வரவுச் சான்றுதான். வங்கியிலோ பணம் அனுப்பும் சேவையிலோ ஒவ்வொரு வரவுக்கும் கேட்டு வாங்கி, பில் எண்ணோடு சேர்த்து வையுங்கள். பணம் எதற்காக வந்தது என்று வங்கி பதியும் நோக்கக் குறியீட்டைக் கவனியுங்கள்: மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. குடும்பச் செலவுக்கு உறவினர் அனுப்பியது என்ற குறியீட்டில் பணம் வந்திருந்தால் அதை வைத்து ஏற்றுமதியை நிரூபிக்க முடியாது.

அமெரிக்க நிறுவனம் டபிள்யூ-8பென் படிவம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று சொல்லும் படிவம் அது. இங்கே உட்கார்ந்து செய்யும் வேலைக்கான கூலி அங்கே ஈட்டிய வருமானம் ஆகாது. வெளிநாட்டு வங்கியில் உங்கள் பெயரில் கணக்கு இருந்தால் மட்டும் ஐடிஆர்-4 செல்லாது. ஐடிஆர்-3-இல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும்.

வேலையை முடித்துக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது, பணம் வரவில்லை.

உத்யம் பதிவு இருக்கிறதா? ஆதாரும் பானும் வைத்து இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். காசு கேட்கும் தளங்கள் அரசுத் தளம் அல்ல. சிறு, குறு தொழில் சட்டப்படி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் வட்டிக்கு வட்டியாக. புகாரை அரசின் இணையத் தளத்தில் பதியலாம். வேலை எடுக்கும் முன்பே உத்யம் பதிந்திருங்கள். பிறகு பதிந்தால் எதிர்த்தரப்பு வைக்கும் முதல் வாதமே அதுவாக இருக்கும்.

புகாருக்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவின்படி, கெடுவுக்குள் உங்களுக்குத் தராத தொகையை வாடிக்கையாளர் அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. என்றைக்குத் தருகிறாரோ அந்த ஆண்டில்தான். உத்யம் எண்ணைக் குறிப்பிட்டு மார்ச் மாதம் இதை நினைவூட்டினால், அவருடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

உத்யம் இல்லாவிட்டாலும் சிவில் வழக்குப் போடலாம். பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு காலவரம்பு.

ஒப்பந்தம் எழுத வேண்டுமா? வாட்ஸ்அப்பில் பேசியது போதாதா?

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் பாடு. ஒரு பக்கம் போதும்: என்ன வேலை, எத்தனை முறை திருத்தம், எவ்வளவு முன்பணம், எந்த நாளில் மீதி, ஜிஎஸ்டி தனியா உள்ளடக்கமா. இந்தக் கடைசிக் கேள்வியை எழுதாமல் விட்டுவிட்டு 18 சதவீதத்தைக் கைக்காசிலிருந்து கட்டுகிறவர்கள் உண்டு.

பதிப்புரிமை வேறு கதை. ஊழியராக அல்லாமல் நீங்கள் எழுதிய கட்டுரைக்கும் மென்பொருளுக்கும் முதல் உரிமையாளர் நீங்களே, காசு வாங்கியிருந்தாலும். எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தந்தால்தான் வாடிக்கையாளருக்குப் போகும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு இது தலைகீழ்: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை அவருடையது. திருமணப் படங்களை விளம்பரத்துக்குப் போடும் முன் புகைப்படக்காரர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாநகராட்சி தொழில்வரி கேட்கிறது. வருமான வரி கட்டுகிறேனே?

அது வேறு, இது வேறு. தமிழ்நாட்டில் தொழில்வரியை உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறது: ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச். அரையாண்டு வருமானம் 21,000 வரை இல்லை. 75,000-க்கு மேல் 1,250 ரூபாய். அரசமைப்புச் சட்டமே ஆண்டுக்கு 2,500-க்கு மேல் கூடாது என்று கட்டிவைத்திருக்கிறது. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், வங்கியில் உதவும்.

சில ஆண்டுகளாக ரிட்டர்னே போடவில்லை. இப்போது வழி உண்டா?

நடப்பு மதிப்பீட்டு ஆண்டுக்கு டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். கட்டணம் 5,000, வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை இடமுண்டு. வரி, வட்டி இவற்றின் மேல் முதல் ஆண்டில் 25 சதவீதம், பிறகு 50, 60, 70 என்று கூடும். அதில் பணம் திரும்பக் கேட்க முடியாது, கட்ட மட்டுமே முடியும். எந்த ரிட்டர்னாக இருந்தாலும் தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிடுங்கள். அந்தக் கடைசிப் பொத்தானை அழுத்த மறந்தால் போட்டதாகவே கணக்கில்லை.